அறிவொளிக் காலத்துப் புதுக்கோட்டை

புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் 1991இல் தொடங்கியது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு அவர்களுடைய ஊரிலேயே, வேலை ஒழிந்த நேரத்தில், சம்பளம் வாங்காத தொண்டர்கள் எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுத்த இயக்கம் அது. அடுத்த ஆண்டே, 1992இல், மாவட்டம் முழு எழுத்தறிவு பெற்றதாக அறிவிக்கப்பட்டது. அந்தக் காலத்தை நேரில் கண்டவர்களின் நினைவில் அறிவிப்பு விழா பின்வரிசையில்தான் இருக்கிறது. தெருவிளக்கடியில் நடந்த வகுப்பு, வாடகை சைக்கிளில் விழுந்து எழுந்த பெண்கள், கல்குவாரியின் கணக்கு நோட்டு, கலைக்குழு வந்த இரவு ஆகியவையே முதலில் நினைவுக்கு வருகின்றன. இயக்கத்தின் சாரமும் அவற்றில்தான் இருக்கிறது. எழுத்து எந்த வேலைக்குத் தேவைப்பட்டதோ அந்த வேலையோடு சேர்த்துக் கற்கப்பட்டது. அப்படிக் கற்ற இடங்களில்தான் அது தங்கியது.

மாவட்டம் 1974இல் திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர் மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து அமைக்கப்பட்டது. அதன் பெரும்பகுதி 1948 வரை தொண்டைமான்களின் சமஸ்தானமாக இருந்த நிலம். பெரிய ஆற்றுப் பாசனம் வாய்க்காத வானம் பார்த்த பூமி; கண்மாயும் குளமும் நிறைந்தால்தான் வெள்ளாமை. கடலையும் முந்திரியும் தைலமரக் காடும் ஒரு பக்கம், அன்னவாசல், குன்றாண்டார்கோயில் வட்டாரங்களின் பாறைகள் ஒரு பக்கம், மணமேல்குடியையும் கோட்டைப்பட்டினத்தையும் ஒட்டிய கடற்கரை இன்னொரு பக்கம். எழுத்துக்கு இந்த மண்ணில் பழைய வேர் உண்டு. சித்தன்னவாசலின் ஏழடிப்பட்டத்தில் தமிழி எழுத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடுமியான்மலைப் பாறையில் இசை இலக்கணமே வெட்டப்பட்டிருக்கிறது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் முதல் மாணவியாகச் சேர்ந்து, பின்னாளில் மருத்துவர் முத்துலட்சுமி ரெட்டியாக அறியப்பட்டார். ஆனால் இந்தப் பெருமை எதுவும் பாறை உடைப்பவரின் வீட்டுக்கோ நாற்று நடுபவரின் வீட்டுக்கோ வந்து சேரவில்லை. 1991 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் எழுத்தறிந்தவர் 51 விழுக்காடு. புதுக்கோட்டை அந்த மாநிலச் சராசரிக்கும் கீழே இருந்தது.

பெரியவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சி அதற்கு முன்பும் நடக்காமல் இல்லை. 1978 அக்டோபர் 2 அன்று தேசிய முதியோர் கல்வித் திட்டம் தொடங்கியது. 15 முதல் 35 வயது வரையுள்ள பத்துக் கோடிப் பேரை ஐந்தாண்டுகளில் எட்டுவது அதன் இலக்கு. ஊருக்கு ஒரு மையம், ஓர் ஆசிரியர், மாதம் 50 ரூபாய் மதிப்பூதியம், ஓர் அரிக்கேன் விளக்கு என்ற அமைப்பில் அது நடந்தது. நல்ல ஆசிரியர் வாய்த்த ஊர்களில் பலனும் கிடைத்தது. ஆனால் படிக்க வேண்டும் என்ற ஆசை ஊரில் எழுவதற்கு முன்பே மையம் வந்துவிட்டது. வருகைப் பதிவேடு நிறைந்திருக்க, திண்ணை காலியாக இருந்த ஊர்கள் உண்டு. ‘முதியோர் கல்வி’ என்ற பெயரைக் கேட்டாலே, அது யாரோ நடத்தி யாரோ கணக்கு எழுதும் அரசு வேலை என்று மக்கள் ஒதுங்கினார்கள்.

அடுத்த பத்தாண்டில் அணுகுமுறை மாறியது. 1988 மே மாதம் தேசிய எழுத்தறிவு இயக்கம் நிறுவப்பட்டது. மக்கள் அறிவியல் அமைப்பான கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தும் மாவட்ட நிர்வாகமும் கைகோத்து எர்ணாகுளத்தில் ஓராண்டுக்குள் ஒரு முழு மாவட்டத்தையே படிக்கவைத்தன. 1990 பிப்ரவரியில் எர்ணாகுளம் நாட்டின் முதல் முழு எழுத்தறிவு மாவட்டமாக அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டை ஐ.நா. அவை உலக எழுத்தறிவு ஆண்டாக அறிவித்திருந்தது. எழுத்தறிவைப் பரப்ப அமைந்த பாரத ஞான விஞ்ஞான சமிதி நாடெங்கும் கலைப் பயணங்களை அனுப்பியது. தமிழ்நாட்டில் அந்தப் பொறுப்பை முன்னின்று சுமந்தது தமிழ்நாடு அறிவியல் இயக்கம். விண்மீன் பார்ப்பதற்கும் மூடநம்பிக்கையை விளக்குவதற்கும் கிராமங்களுக்குப் போய்க்கொண்டிருந்த ஆசிரியர்கள், வங்கி ஊழியர்கள், கல்லூரிப் பேராசிரியர்கள், கவிஞர்கள் எல்லாரும் அறிவொளிக்குள் வந்தது இந்த வழியில்தான்.

புதுக்கோட்டையில் அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். இயக்கத்தின் தலைமைப் பொறுப்பும் அவருடையதே. தேசிய எழுத்தறிவு இயக்கத்தின் விதிப்படி, மாவட்ட அளவில் பதிவு பெற்ற ஒரு சங்கம் திட்டத்தை நடத்தியது. ஆட்சியர் அதன் தலைவர். செலவில் மூன்றில் இரண்டு பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநில அரசும் ஏற்றன. எல்லா மாவட்டங்களுக்கும் பொதுவான இந்தச் சட்டகத்துக்குள் புதுக்கோட்டை தனித்து நின்றதற்குக் காரணம், ஆட்சியர் அலுவலகமும் தன்னார்வலர்களும் ஒருவர்மேல் ஒருவர் வைத்த நம்பிக்கை. ஆட்சியர், பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவோடு சேர்ந்து இந்த அனுபவத்தை 1996இல் ஆங்கிலத்தில் ஒரு நூலாகவும் எழுதினார். ஒரு மாவட்ட எழுத்தறிவு இயக்கம் தன் கதையைத் தானே ஆராய்ந்து எழுதிவைத்தது அரிய செயல். பிற மாவட்டங்களின் அனுபவம் பெரும்பாலும் பேச்சிலேயே நின்றுவிட்டது.

இயக்கத்தின் முதல் வேலை வீடு வீடாகக் கணக்கெடுப்பது. கணக்கெடுப்பு என்றதும் கடன் வசூலா, நில அளவையா என்று ஊர்கள் பயந்தன. பயத்தைப் போக்கியது கலைக்குழு. பதினைந்து இருபது இளைஞர்கள் ஒரு வேனில் வந்து இறங்குவார்கள். பறையும் தவிலும் முழங்கும். கோயில் முன்போ சாவடி முன்போ வட்டம் கூடும். கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் ரேகை வைத்து நிலத்தை இழந்தவனின் கதை நாடகமாக வரும். ஊர் பேசும் கொச்சையிலேயே வசனம் இருக்கும். நாடகம் முடிந்ததும் ஒருவர் எழுந்து, ‘இந்த ஊர்ல படிச்ச பிள்ளைக யாரு, கொஞ்சம் முன்னாடி வாங்க’ என்று கூப்பிடுவார். தயங்கித் தயங்கி வந்து பெயர் கொடுத்தவர்களே அந்த ஊரின் தொண்டர்கள். அந்த இரவுகளில் பெயர் கொடுத்தவர்களில் பெண்கள் அதிகம். பத்தாம் வகுப்போடு நின்றுபோய்க் கல்யாணத்துக்காக வீட்டில் காத்திருந்த பெண்களுக்கு, ஊரார் முன்னால் ஒரு பொறுப்பை ஏற்க அதுவே முதல் வாய்ப்பு.

மேலிருந்து கீழ்வரை பயிற்சி படிப்படியாக இறங்கியது. முதன்மைக் கருத்தாளர்கள் கருத்தாளர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள், கருத்தாளர்கள் தொண்டர்களுக்கு. ஒன்றியத்துக்கு ஒருங்கிணைப்பாளர்கள் இருந்தார்கள். கவிஞர் முத்துபாஸ்கரன், ஆசிரியரும் எழுத்தாளருமான நா. முத்துநிலவன் போன்றோர் பேச்சையும் பாட்டையும் தந்தார்கள். அறிவியல் பட்டதாரியான என். கண்ணம்மாள் மாவட்ட ஒருங்கிணைப்பாளர்களில் ஒருவர். பத்துப் பேருக்கு ஒரு தொண்டர் என்பது பொதுக் கணக்கு. தொண்டருக்குக் கிடைத்தவை ஒரு பை, புத்தகம், சாக்கட்டி, பலகை. காசு கிடையாது. இயக்கத்தின் வலிமையும் பிற்காலத்துச் சிக்கலும் இந்த ஒரே முடிவில் அடங்கியிருந்தன. காசு இல்லாததால்தான் ஊர் நம்பியது. ஆண்டுக்கணக்கில் ஊதியமில்லாமல் உழைக்க ஏழைவீட்டுப் பெண்ணால் முடியவில்லை என்பதும் உண்மை.

வகுப்பு பெரும்பாலும் இரவு ஏழரை, எட்டு மணிக்குத்தான் கூடியது. பகலெல்லாம் களை எடுத்துவிட்டோ கல் உடைத்துவிட்டோ வந்த பெண்கள் சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கப்போட்டு, அதன் பிறகு வந்தார்கள். தெருவிளக்கு எரிந்தால் அதன் அடியில். எரியாவிட்டால் யாராவது ஒருவர் வீட்டுத் திண்ணையில், அரிக்கேன் வெளிச்சத்தில். தொண்டருக்கு வயது பதினேழு, பதினெட்டு; கற்க வந்தவருக்கு நாற்பது, ஐம்பது. மாணவர் என்று அழைக்க முடியாது. அப்பத்தா, அயித்தை, சின்னம்மா, அக்கா என்ற உறவுமுறைகளே வகுப்பிலும் புழங்கின. ‘எழுதிப் படிச்சு எந்தக் கோட்டையப் பிடிக்கப் போறேன், ஆத்தா’ என்பது முதல் வாரத்தில் எல்லாத் திண்ணையிலும் கேட்ட பேச்சு. அதைச் சொன்னவர்தான் மறுநாளும் பலகையோடு முதல் ஆளாக வந்திருப்பார்.

பலகை பிடிப்பதே பெரிய பாடமாக இருந்தது. சம்மட்டியும் அரிவாளும் பிடித்துக் காய்ப்பேறிய விரல்களுக்குச் சாக்கட்டி ஒரு பொருளாகவே படவில்லை. அழுத்திப் பிடித்தால் ஒடிந்தது; தளர்த்திப் பிடித்தால் நழுவியது. தொண்டர் பின்னால் உட்கார்ந்து, கையைப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு கோடு, தரையில் ஒரு கோடு, மறுபடி மேலே ஒரு கோடு என்று இழுத்துக் காட்டுவார். ‘ப’ வந்துவிடும். கை விடுபட்டதும் அதே கோடு பலகையைத் தாண்டி முழங்காலில் போய் முடியும். சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பில் தானும் சேர்ந்துகொண்டு, எச்சில் தொட்டு அழித்துவிட்டு மறுபடி எழுதுவார்கள். வளைவும் சுழியும் நிறைந்த ‘அ’, ‘இ’ எழுத்துகளை முதல் நாளில் கொடுத்திருந்தால் பாதிப் பேர் இரண்டாம் நாள் வந்திருக்கமாட்டார்கள்.

பாடப்புத்தகம் இதை அறிந்தே அமைக்கப்பட்டது. பள்ளிக்கூட வரிசையில் உயிரெழுத்து பன்னிரண்டு, மெய்யெழுத்து பதினெட்டு என்று தொடங்காமல், ‘படி’, ‘பட்டா’ போன்ற சொற்களிலிருந்து தொடங்கியது. ப, ட இரண்டும் நேர்கோட்டு எழுத்துகள். அவற்றோடு துணைக்காலும் இகரக் கொக்கியும் ஒரு புள்ளியும் சேர்ந்தால் படி, பட்டா, பட்டி, பாட்டி, பாடி என்று ஐந்தாறு சொற்கள் முதல் வாரத்திலேயே கைக்கு வந்துவிடும். 247 எழுத்தையும் மனப்பாடம் செய்துவிட்டுத்தான் ஒரு சொல்லைப் படிக்க வேண்டும் என்ற நிலை இல்லை. சொற்களின் தேர்வும் காரணத்தோடுதான் நடந்தது. பட்டா என்பது நிலத்தின் உரிமைச் சீட்டு. அந்தச் சொல்லைச் சொன்னதும் வகுப்பில் பேச்சு கிளம்பும்: யாருக்குப் பட்டா இருக்கிறது, யார் பேரில் இருக்கிறது, பெண்கள் பேரில் ஏன் இல்லை. பேச்சு ஓய்ந்த பிறகுதான் எழுத்து. பிரேசிலில் பாவ்லோ ஃபிரெய்ரே 1960களின் தொடக்கத்தில் கூலித் தொழிலாளர்களுக்குச் ‘செங்கல்’ போன்ற அவர்கள் புழங்கும் சொற்களைக் கொண்டு எழுத்தறிவித்த முறையோடு இதற்கு நெருங்கிய உறவு உண்டு. தமிழ்நாட்டுக் கருத்தாளர்கள் பலர் ஃபிரெய்ரேயைப் படித்தவர்கள். படிக்காத தொண்டர்களும் திண்ணைப் பேச்சின் வழியே அதே இடத்துக்கு வந்துசேர்ந்தார்கள். விடுகதையும் சொலவடையும் கும்மிப்பாட்டும் வகுப்புக்குள் வந்தது அவர்களால்தான். கற்க வந்தவருக்கு ஆயிரம் விடுகதை தெரியும். அதில் ஒன்றைச் சொல்லச் சொல்லி, அதைப் பலகையில் எழுதிக் காட்டினால், தன் வாயிலிருந்து வந்ததே கண்ணெதிரே எழுத்தாக நிற்பதை அவர் பார்த்தார். இதைவிடச் சிறந்த பாடம் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

மூன்று புத்தகங்கள், மொத்தம் ஏறக்குறைய 200 மணி நேரப் படிப்பு. ஒவ்வொரு புத்தகத்துக்குள்ளும் தேர்வுகள் இருந்தன. தேறியவர் என்று சொல்லத் தேசிய அளவில் ஒரு வரையறை இருந்தது: எளிய உரையை நிமிடத்துக்கு 30 சொல் வேகத்தில் வாய்விட்டுப் படிக்க வேண்டும், பார்த்து எழுதினால் நிமிடத்துக்கு 7 சொல், சொல்வதை எழுதினால் 5 சொல், நூறுவரை எண்கள், எளிய கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல். கணக்கில் பெண்கள் தொண்டர்களையே திணறடித்தார்கள். சந்தைக் கணக்கு, கூலிக் கணக்கு, மொய்க் கணக்கு எல்லாம் மனத்திலேயே போட்டுப் பழகியவர்களுக்கு விடை உடனே வந்தது; அதைப் பலகையில் எழுதிக் காட்டுவதுதான் புதிது.

புதுக்கோட்டையின் பெயரை நாடறியச் செய்தது சைக்கிள். தொண்டர்களும் ஒருங்கிணைப்பாளர்களும் ஊர் ஊராகப் போக வேண்டியிருந்தது. டவுன் பஸ் நாளைக்கு இரண்டு முறை வரும் ஊர்களில் இரவு எட்டு மணி வகுப்பைப் பார்த்துவிட்டுத் திரும்ப வழியில்லை. ஆண்கள் சைக்கிளில் போனார்கள். பெண்களால் போக முடியவில்லை. கிராமத்துப் பெண்ணின் எல்லை அவள் கால் நடக்கும் தூரம்தான் என்பதை ஆட்சியர் கண்டார். எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதும் அறிவொளியின் பாடத்தில் சேர்க்கப்பட்டது. கண்ணம்மாள் போன்ற ஒருங்கிணைப்பாளர்கள் முதலில் தாங்கள் ஓட்டிக் காட்டினார்கள். ஊருக்கு ஊர் பயிற்சி முகாம்கள் நடந்தன. சைக்கிள் கற்கச் சொல்லி முத்துபாஸ்கரன் கட்டிய பாட்டு மாவட்டமெங்கும் பாடப்பட்டது.

கற்றுக்கொண்ட விதம் எளிமையானது. மாலையில் வாடகைக் கடையில் மணிக்கு இவ்வளவு என்று ஒரு சைக்கிள். பள்ளிக்கூட மைதானம் அல்லது தண்ணீர் வற்றிய கண்மாய். சேலையை இழுத்துச் செருகிக்கொண்ட ஒரு பெண். கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடும் இன்னொரு பெண். முழங்கால் சிராய்ப்பு இல்லாமல் யாரும் கற்கவில்லை. பெட்டிக்கடை வாசலில் இருந்து கிண்டல் வந்தது. பெண்பிள்ளை சைக்கிள் ஏறினால் குடும்ப மானம் என்னாவது என்ற பேச்சும் வந்தது. அதைப் பொருட்படுத்தாமல் வந்தவர்களில் விவசாயக் கூலிகள், கல்குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், கிராமச் செவிலியர்கள், செயற்கைக் கல்லுக்குப் பட்டை தீட்டும் பெண்கள் எனப் பலரும் இருந்தார்கள். இஸ்லாமியப் பெண்களும் இளைய வயதினரும் பெருமளவில் கற்றார்கள். 1992 உலக மகளிர் தினத்தன்று ஹேண்டில்பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் புதுக்கோட்டை நகருக்குள் சைக்கிளில் வந்தார்கள். அந்த ஊர்வலத்தைப் பார்த்த நகரத்துக்காரர்கள் அதை மறக்கவில்லை.

பத்திரிகையாளர் பி. சாய்நாத் சில ஆண்டுகள் கழித்து மாவட்டத்துக்கு வந்து இதை விரிவாக எழுதினார்; 1996இல் வெளியான அவருடைய நூலில் அந்தப் பகுதி இடம்பெற்றது. பொதுப் போட்டிகளில் மட்டும் எழுபதாயிரம் பெண்களுக்கு மேல் தங்கள் சைக்கிள் திறமையைக் காட்டினார்கள் என்பது அவர் தரும் கணக்கு. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பெண்கள் ஜென்ட்ஸ் சைக்கிளை வாங்கினார்கள். வேறு காரணமும் இருந்தது: முன்கம்பியில் ஒரு குழந்தையை உட்காரவைக்கலாம். கேரியரில் தண்ணீர்க் குடம், ஹேண்டில்பாரில் தூக்குவாளி, முன்னால் பிள்ளை என்று ஒரே மிதியில் வீட்டையே நகர்த்தினார்கள். காய்கறியோ பூவோ விற்பவர் ஓர் ஊரில் விற்றுவிட்டு, பஸ்ஸுக்குக் காத்திராமல் அடுத்த ஊருக்கும் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப முடிந்தது. அரசாங்கத் திட்டங்களின் பயனைப் பணத்தில் அளப்பவர்கள் இந்த மிச்சமான நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை, சேர்க்க வேண்டும். பெண்கள் சைக்கிள் வாங்கிக்கொள்ள வங்கிக் கடனுக்கும் ஏற்பாடு நடந்தது. அறிவொளியின் பெண் ஊழியர்களுக்காக யுனிசெஃப் ஐம்பது மொபெட்டுகளுக்கு ஒப்புதல் அளித்தது.

கல்குவாரியின் கதை இதைவிடக் கடினமானது. மாவட்டத்தின் பாறைகளில் ஆணும் பெண்ணும் குடும்பத்தோடு கல் உடைத்தார்கள். குத்தகை எடுத்தவர் முன்பணம் கொடுப்பார்; முன்பணம் தீராத கடனாகும்; கடன் உள்ளவரை வேறு இடம் போக முடியாது. எத்தனை லோடு ஏறியது, ஒரு லோடுக்கு எவ்வளவு என்பதெல்லாம் நோட்டு வைத்திருந்தவர் சொன்னதுதான். ஆட்சியர் அரசுக் கல்குவாரிகள் பலவற்றை இந்தப் பெண்களின் குழுக்களுக்கே குத்தகைக்குக் கொடுத்தார். ஊரகப் பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் குழுக்கள் அமைந்தன. நேற்றுவரை கூலிகளாக இருந்தவர்கள் குத்தகைதாரர்களானார்கள்.

அந்த நாளிலிருந்து எழுத்து அவர்களுக்கு விளையாட்டாக இல்லை. லாரி வந்தால் பெர்மிட் எழுத வேண்டும். ஜல்லி எத்தனை லோடு, எந்தத் தேதி, யார் வாங்கினார், பாக்கி எவ்வளவு என்று பதிய வேண்டும். வங்கியில் குழுவின் பேரில் கணக்கு. பணம் எடுக்க இரண்டு மூன்று பேர் கையெழுத்து. கையெழுத்துப் போடத் தெரிந்தால் போதும் என்று வந்தவர்கள் நோட்டை வரிவரியாகப் படிக்கக் கற்றது இங்கேதான். அறிவொளி வகுப்புகள் பல குவாரியை ஒட்டிய மரத்தடியிலேயே, மதியச் சோற்று நேரத்தில் நடந்தன. குழுவுக்கு வந்த லாபத்தைப் பிரித்துக்கொண்டு, பிள்ளைகளைக் கல் உடைக்க விடாமல் பள்ளிக்கு அனுப்பியவர்கள் உண்டு. பழைய குத்தகைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. கல்லை வாங்கவிடாமல் தடுப்பது, லாரியை வரவிடாமல் செய்வது, குழுக்களுக்குள் பிளவு உண்டாக்குவது என்று நெருக்கடி தொடர்ந்ததையும் சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். குத்தகைக் காலம் முடிந்தபோது பல குழுக்களால் தாக்குப்பிடிக்க முடியவில்லை. ஆதரவு தந்த நிர்வாகம் மாறும்போது ஏழைகளின் அமைப்பு எவ்வளவு விரைவில் தனித்துவிடப்படும் என்பதற்கு இது வேதனையான சான்று. ஆனாலும் லோடு எண்ணக் கற்றவரை மறுபடி ஏமாற்றுவது முன்போல எளிதாக இருக்கவில்லை.

வகுப்புகளின் பேச்சு வேறு திசைகளிலும் போனது. பஸ் போர்டைப் படிப்பதுதான் பலருக்கு முதல் வெற்றி. எந்த பஸ் எந்த ஊருக்குப் போகிறது என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்காமல் ஏறுவது அவர்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. அடுத்தது மனு. தண்ணீர்க் குழாய், தெருவிளக்கு, ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன் என்று மனு எழுதப் பழகுவது வகுப்பிலேயே நடந்தது. முதல் கடிதத்தை ஆட்சியருக்கே எழுதிய பெண்கள் உண்டு. எழுதத் தெரிந்தவருக்குக் காசு கொடுத்து மனு எழுதிவாங்கிய காலம் அவர்களளவில் முடிந்தது. சாராயத்துக்கு எதிரான குரலும் பெண்கள் கூடிய இடங்களிலிருந்து எழுந்தது. ஆந்திராவின் நெல்லூர் மாவட்டத்தில் அதே காலத்தில் எழுத்தறிவுப் பாடம் ஒன்றிலிருந்து பெரும் சாராய எதிர்ப்புப் போராட்டமே கிளம்பியது. படிக்கக் கூடிய பெண்கள் தங்கள் துன்பத்தைப் பற்றிப் பேசாமல் எழுத்தைப் பற்றி மட்டும் பேசுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க முடியாது.

முழு எழுத்தறிவு அறிவிக்கப்பட்ட பிறகு வந்த காலத்தை இயக்கத்தவர்கள் அதிகக் கவலையோடு நினைவுகூர்கிறார்கள். ஓராண்டில் கற்ற எழுத்து, படிக்க எதுவும் கிடைக்காவிட்டால் ஓராண்டில் மறந்தும்போகும். இதை எல்லாரும் அறிந்திருந்தார்கள். எழுத்தறிவுக்குப் பிந்தைய கட்டமும், அதன் பின் வளர்கல்வி மையங்களும் இதற்காகவே திட்டமிடப்பட்டன. பெரிய எழுத்தில் அச்சிட்ட சிறு கதைப் புத்தகங்கள், சுவரேடுகள், கிராம வாசிப்பு மையங்கள் வந்தன. ஆனால் முதல் ஆண்டின் வேகம் திரும்பவில்லை. ஆட்சியர் மாற்றலாகிப் போனார். தொண்டர்களில் பெண்கள் கல்யாணமாகி வேறு ஊர் போனார்கள். ஆண்கள் வேலை தேடி நகரத்துக்கோ வெளிநாட்டுக்கோ போனார்கள். ஆரவாரத்தோடு தொடங்கிய வேலைக்குப் பொறுமையோடு தொடரும் அமைப்பு போதவில்லை. எழுத்து அன்றாடம் தேவைப்படாத ஊர்களில் கற்றவர்கள் கையெழுத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை மறந்தார்கள். ‘முழு’ என்ற சொல் அளவுக்கு மீறிச் சொல்லப்பட்டது என்ற விமர்சனம் நியாயமானது. 2011 கணக்கெடுப்பிலும் மாவட்டத்தின் எழுத்தறிவு ஏறக்குறைய 77 விழுக்காடு. ஆண்களில் 86, பெண்களில் 69.

இந்த எண்கள் சொல்லாத விளைவுகளும் உண்டு. 1996 உள்ளாட்சித் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டபோது, மேடையில் பேசியும் கூட்டம் நடத்தியும் பழகிய பெண்கள் கிராமங்களில் ஏற்கெனவே இருந்தார்கள். 1990களின் பிற்பகுதியில் மகளிர் சுய உதவிக் குழுக்கள் மாநிலமெங்கும் பரவியபோது குழுவுக்கு ஓர் ஊக்குநரும் ஒரு பிரதிநிதியும் தேவைப்பட்டார்கள். தீர்மான நோட்டு, சேமிப்புப் பதிவேடு, கடன் பதிவேடு எல்லாம் அவர்கள் கையில். அறிவொளித் தொண்டராக இருந்தவருக்கு இந்த வேலை புதிதாக இல்லை. பிற்காலத்தில் தமிழ்நாடு அரசு பள்ளி மாணவியருக்கு விலையில்லா சைக்கிள் கொடுத்தது. சைக்கிள் ஒரு பெண்ணின் படிப்பை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதைப் புதுக்கோட்டைப் பெண்கள் அதற்கு முன்பே காட்டிவிட்டார்கள். தாய் பலகை பிடித்த வீட்டில் பிள்ளை பள்ளிக்குப் போவதை நிறுத்துவது குறைந்தது என்பதைத் தொண்டர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள். அறிவொளியின் மிகப் பெரிய பலன் கற்றவர்களைவிடக் கற்றவர்களின் மகள்களிடமே தெரிகிறது என்று சொல்ல இடமுண்டு.

அதன் பிறகு திட்டங்களின் பெயர் மாறிக்கொண்டே வந்திருக்கிறது. 2009இல் சாக்‌ஷர் பாரத் வந்து 2018இல் முடிந்தது. கொரோனாவால் பள்ளிகள் மூடிக்கிடந்தபின் 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு இல்லம் தேடிக் கல்வியைத் தொடங்கியது. அது ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு. பெரும்பாலும் அந்தந்தத் தெருவின் படித்த பெண்களே அதை நடத்தினார்கள். மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகையும் கிடைத்தது. தெருவுக்கு ஒரு தொண்டர், வீட்டுத் திண்ணையே வகுப்பறை, பாட்டும் கதையும் பாடம் என்ற அதன் அமைப்பில் அறிவொளியின் சாயல் தெளிவாகத் தெரியும். தொண்டரின் உழைப்புக்குச் சிறு தொகையாவது தர வேண்டும் என்று ஏற்றுக்கொண்டது நல்ல மாற்றம்.

பெரியவர்களுக்கு இப்போது நடப்பது புதிய பாரத எழுத்தறிவுத் திட்டம். 2022 முதல் 2027 வரையிலான இந்தத் திட்டத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட, எழுதப் படிக்கத் தெரியாத எவரும் சேரலாம். அரசுப் பள்ளிகளே பெரும்பாலும் மையங்கள், தன்னார்வலர்களே கற்பிக்கிறார்கள். படிப்பு, எழுத்து, கணக்கு ஒவ்வொன்றுக்கும் 50 மதிப்பெண் என 150 மதிப்பெண்ணுக்குத் தேர்வு நடக்கிறது. தேர்ச்சி பெற்றவருக்குச் சான்றிதழ் உண்டு. நூறு நாள் வேலை முடிந்து வருபவர்களுக்கு ஏற்ற நேரத்தில் வகுப்பை வைப்பது, கற்றவருக்கு வங்கிச் சீட்டை நிரப்பவும் ஏ.டி.எம். திரையைப் படிக்கவும் பழக்குவது, செல்போனில் வரும் குறுஞ்செய்தியைத் தானே படிக்கச் செய்வது ஆகியவை இன்றைய தொண்டர்களின் முன் உள்ள வேலைகள்.